அண்ணன் எழுதிய வாக்குமூலம்

குடியேற்ற அலுவலகத்துக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் என் கடை. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன் என்று போர்டில் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'படிவங்கள் நிரப்பித் தரப்படும்'. பதினெட்டு வருஷமாக எனக்குச் சோறு போட்டது அந்தச் சின்ன எழுத்துதான். நம் ஆட்கள் யார் இந்த ஊரில் வந்து இறங்கினாலும் முதலில் அலுவலகத்துக்குப் போக மாட்டார்கள், என்னிடம்தான் வருவார்கள். 'ஃபாரம் அண்ணன்' என்றால் விமான நிலையத்தில் பெட்டி தள்ளுகிறவருக்குக்கூடத் தெரியும். அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

நான் சும்மா கட்டங்களை நிரப்பிக் கொடுக்கிறவன் இல்லை. அலுவலக மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வருகிறவர்கள் தங்கள் கதையைச் சொல்லும் அழகு இருக்கிறதே, அப்பப்பா! நடுவிலிருந்து ஆரம்பிப்பார்கள். திடீரென்று மாமியாரைப் பற்றிப் பேசுவார்கள். எந்தத் தேதியில் அடித்தார்கள் என்று கேட்டால், "பையனுக்குப் பல்லு விழுந்த சமயம்ணே" என்பார்கள். இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் எந்த அதிகாரி உட்கார்ந்து படிப்பான்? நான்தான் நேராக்குவேன். தேதி இல்லாத இடத்தில் ஒரு தேதி. கேள்வி கிளப்பும் என்று தோன்றுகிற சங்கதியை அடித்துவிடுவேன். கடைசியில் நாலு வரி உருக்கமாக. ஒரு அம்மாவுக்கு எழுதியதைப் படித்துக் காட்டியபோது, "இது என் கதையாண்ணே? இவ்வளவு நல்லா இருக்கே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கடையில் எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. உயிருக்குப் பயந்து வந்தேன் என்று தஞ்சம் கேட்கிறவர், இடையில் ஒருமுறை சொந்த ஊருக்குப் போய்வந்திருந்தால், மூச்சு விடக் கூடாது. போனவனுக்குப் பயம் ஏது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஆகவே 'வந்தபின் திரும்பிச் சென்றீர்களா?' என்ற கட்டத்தில், யார் வந்தாலும், 'இல்லை'. கேட்காமலேயே 'இல்லை'. என் கை அதற்குப் பழகிப்போயிருந்தது.

என் தங்கைக்கும் அப்படித்தான் 'இல்லை' என்று எழுதினேன்.

அவள் இங்கே வந்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு வருஷ வேலை அனுமதியில். கையில் ஒன்பது வயது மகள். வருவதற்கு நாலு மாதம் முன்னால் அவள் புருஷன் செத்துப்போயிருந்தார். செத்துப்போனார் என்ன, அடித்துக் கொன்றார்கள். கல்குவாரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். வெடி வைத்தபோது மூன்று கூலிக்காரர்கள் மண்ணோடு மூடிப்போனதை நேரில் பார்த்தவர். குவாரிக்காரன் அந்த மூன்று பேர் அங்கே வேலையே பார்க்கவில்லை என்று சாதித்தான். என் மச்சானும், கல் உடைக்கும் மிஷின் ஓட்டுகிற இன்னொருவரும் நீதிமன்றத்தில் போய் உள்ளதைச் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டு பேரையும் முடித்துவிட்டார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து பெண்டாட்டிகளிடம், வழக்குப் போட்டால் பிள்ளைகள் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மிஷின்காரரின் மனைவியும் என் தங்கையோடு அதே ஏஜெண்ட் மூலமாக, அதே சலவைக்கூடத்துக்கு வந்தவள்தான். அவளுக்கு அங்கே இஸ்திரி மிஷின் வேலை. அதனால் 'இஸ்திரி அக்கா'. என் தங்கை பக்கத்து மேஜையில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவாள். ஒரே குவாரி, ஒரே கொலைகாரர்கள், ஒரே சலவைக்கூடம். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு எனக்கு வயிறு எரிந்ததெல்லாம் இந்த 'ஒரே'யால்தான்.

எட்டாவது மாதம் ஊரிலிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு முடியவில்லை, இன்றைக்கோ நாளைக்கோ. நான் போயிருக்க வேண்டும். எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இருக்கிறது, என்னை அங்கே யாரும் தேடவில்லை. ஆனால் அது அனுமதி புதுப்பிக்கிற மாதம், கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். "நீ போய்ப் பாரும்மா, நான் ரெண்டு நாள்ல கிளம்பி வர்றேன்" என்றேன். போகவில்லை. வேலை இருந்தது, அவ்வளவுதான், வேறு சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. அவள் மகளை என் வீட்டில் விட்டுவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். சித்தி வீட்டுப் பின்கட்டில் பதினொரு நாள் ஒளிந்திருந்து, அம்மா கண்ணை மூடியதும் முக்காட்டோடு போய் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். இஸ்திரி அக்காவும் அதற்கு ஒரு மாதம் கழித்து, அவள் அப்பா இறந்தபோது, ஒன்பது நாள் இதே மாதிரி போய்வந்தாள்.

வருஷம் முடிந்தது. வேலை அனுமதியை நீட்டிக்க மாட்டோம் என்றார்கள். இரண்டு பேரும் தஞ்சம் கேட்பது என்று முடிவானது.

தங்கைக்கு நானே எழுதினேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். கூடப்பிறந்தவள் ஆயிற்றே, இருக்கிற வித்தையை எல்லாம் காட்டினேன். குவாரி ஆட்கள் வீட்டுக்கு வந்தது மார்ச் பதினாலு, மாலை ஆறேகால். அவளுக்கு நாளும் தெரியாது, நேரமும் தெரியாது. நான்தான் போட்டேன். மச்சான் உயிர் போவதற்கு முன் அவள் கையைப் பிடித்துச் சொன்னதாக ஒரு வாக்கியம் எழுதினேன். உண்மையில் அவருக்கு நினைவே திரும்பவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு கசங்கியிருந்தது, அதை நீவி லேமினேஷன் போட்டுப் பளபள என்று ஆக்கினேன். அவளுக்கு அலுவலக மொழி படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணா, அம்மா சாவுக்குப் போனதை எழுதிட்டியா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ போடு கையெழுத்தை."

"இல்ல, அவங்களுக்குத் தெரிஞ்சுட்டா?"

"எனக்கே சொல்லித் தர்றியா? பதினெட்டு வருஷமா இதுதானே பண்றேன்."

போட்டாள். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் இடி விழ!

இஸ்திரி அக்காவும் என்னிடம் வருவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். வரவில்லை. சலவைக்கூடத்துச் சங்கத்தில் யாரோ சொல்லி, இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்திருந்தாள். அந்த வக்கீலம்மாவை எனக்கு முன்பே தெரியும், பிடிக்காது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம்ம வீட்டுப் பெண்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். அவர்கள் மையத்து ஜெராக்ஸ் மிஷின் பாதி நாள் வேலை செய்யாது, என் கடைக்குத்தான் கட்டுக்கட்டாகக் காகிதம் தூக்கிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு பக்கத்திலும் எண் போடுவாள். ஒரு பக்கம் சாய்ந்து விழுந்திருந்தால்கூட, "இதை இன்னொரு தடவை எடுங்க" என்பாள். ஒரு குடும்பத்துக்கு முன்னூறு பக்கமா? கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாளா என்று கிண்டல் செய்வேன்.

இஸ்திரி அக்காவின் கட்டும் என் மிஷின் வழியாகத்தான் போனது. படிக்கக் கூடாதுதான், படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். கடவுளே, சிரித்தேன்! வாக்குமூலம் என்று பெயர், உப்புச்சப்பில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட பத்திகள். 'அவர்கள் வந்த தேதி எனக்கு நினைவில்லை. அறுவடை முடிந்திருந்தது.' 'எத்தனை பேர் என்று தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்றதால் இரண்டு பேரின் குரல்தான் கேட்டது.' ஏழாவது பத்தியில் பட்டவர்த்தனமாக: 'என் தந்தை இறந்தபோது ஒன்பது நாட்கள் திரும்பிச் சென்றேன்.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வக்கீலம்மா, இதை எழுதினா அந்தப் பொண்ணு கதை கந்தல்" என்றேன்.

"ஏன்?"

"திரும்பிப் போனதை யாராவது தானாச் சொல்லுவாங்களா?"

"ஏர்போர்ட்ல பதிவாகியிருக்குமே. நாம சொல்லலைன்னா அவங்க சொல்லுவாங்க. அவங்க சொல்றப்ப அது வேற மாதிரி இருக்கும்." காகிதத்தைத் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டே கேட்டாள். "உங்க தங்கச்சியும் இதே குவாரி கேஸ்தான்னு அக்கா சொன்னாங்க. யார் பாக்கறாங்க?"

"நான்தான்."

"விசாரணைக்கு முன்னாடி ஒரு தடவை ஃபைலைக் காட்டுங்களேன். சும்மா பாக்கறேன்."

"நம்ம வீட்டு விஷயம், நான் பாத்துக்குவேன்" என்றேன். நேற்றுப் பிறந்தது எனக்குப் பாடம் எடுக்கிறதா என்று ஒரு வீம்பு. அவள் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

விசாரணை நாளன்று தங்கையோடு நானும் உள்ளே போனேன். இந்த ஊரில் வக்கீல் இல்லாதவர்களோடு உறவினர் ஒருவர் துணைக்கு உட்காரலாம். காத்திருப்பு அறையில் சுவரில் ஒரு பெரிய நோட்டீஸ். "என்னண்ணா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். 'உரிமம் இல்லாமல் குடியேற்ற ஆலோசனை வழங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.' படித்துச் சொல்லிவிட்டு, "என்னைப் பத்தித்தான் எழுதியிருக்கான்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அறை சின்னது. நீதிபதி நடுவயது தாண்டிய பெண்மணி, ஜலதோஷம், மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எதிரே அரசாங்கத் தரப்பு அதிகாரி. நடுவில் மொழிபெயர்க்கும் அம்மா.

"வீட்டுக்கு வந்தது எந்த நாள்?" என்று கேட்டார்கள்.

தங்கை என்னைப் பார்த்தாள். "அறுப்பு முடிஞ்சிருந்துச்சுங்க" என்றாள்.

"மார்ச் பதினான்கு என்று சொல்லியிருக்கிறீர்களே?"

"ஆமாங்க. இருக்கலாங்க."

"மாலை ஆறேகால்?"

"இருட்டிடுச்சுங்க அப்ப."

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். மார்ச்சில் ஆறேகாலுக்கு அங்கே இருட்டாது. புருஷன் கடைசியாகச் சொன்னது என்ன என்று கேட்டார்கள். அவள் குழம்பிப்போய், "அவரு எங்கேங்க பேசினாரு, மூணு நாளும் கண்ணே திறக்கல" என்று அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை சத்தியம். அந்த அறையில் அதற்கு முன்னால் என் அழகான வாக்கியம் படிக்கப்பட்டிருந்ததால், சத்தியமான அழுகை பொய்யாகத் தெரிந்தது.

அதிகாரி லேமினேஷன் போட்ட சீட்டைத் தூக்கிக் காட்டினார். இதன் தாளையோ மையையோ இனி யாரும் பரிசோதிக்க முடியாது, ஏன் இப்படி மூடினீர்கள் என்று கேட்டார். கடைசியாக ஒரு கணினித் தாளை எடுத்து நீட்டினார். அவள் பெயர், விமான எண், போன நாள், வந்த நாள். பதினொரு நாள்.

"படிவத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. அதை யார் எழுதியது?" என்று நீதிபதி கேட்டார்.

அது எனக்கான இடம். எழுந்து, நான்தான் அம்மா எழுதினேன், இவளுக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் ஆயிற்று. ஒரே ஒரு வாக்கியம். பதினெட்டு வருஷம் ஊருக்கெல்லாம் வாக்கியம் எழுதிக் கொடுத்தவனுக்கு அந்த ஒன்று வாயில் வரவில்லை. வெளியே சுவரில் இருந்த நோட்டீஸ்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம், படிக்கத் தெரியாதா அவளுக்கு? நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான்தாங்க எழுத வேண்டாம்னு சொன்னேன். அண்ணன் எழுதணும்னுதான் சொன்னாரு. நான்தான் மறைச்சேன்."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

நான் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும், "ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். "உன் கடை போயிடும்ல. உன்னை உள்ள தூக்கி வச்சுட்டா எங்களுக்கு இங்க யாரு இருக்கா?" என்றாள். அப்புறம், "ஒரு பொய்தானே, போனா போகுது" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. நிராகரிப்பு. மனுதாரர் நம்பத்தகுந்தவர் அல்ல. அந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டு குவாரி, கொலை, மிரட்டல் எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளியிருந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் இஸ்திரி அக்காவுக்கு அதே அறை, அதே நீதிபதி. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். திரும்பிப் போனதை வக்கீலம்மாவே முதல் கேள்வியாகக் கேட்டாளாம். எங்கே தங்கினீர்கள், யார் பார்த்தார்கள், பகலில் வெளியே வந்தீர்களா, ஏன் வரவில்லை. அவளை ஒளித்து வைத்திருந்த உறவினரின் கடிதம், அப்பாவின் மரணச் சான்றிதழ், குவாரி ஆட்களின் பழைய வழக்குகள் பற்றி அந்த நாட்டு நிலவரம் தெரிந்த பேராசிரியர் ஒருவரின் அறிக்கை, எல்லாம் வரிசையாக இருந்ததாம். இவ்வளவு பயத்திலும் போனாள் என்றால், அது அப்பா மேல் இருந்த பாசத்தால், பயம் இல்லாததால் அல்ல என்று நீதிபதியே எழுதிவிட்டார். என் கடையில் நின்றுதான் இஸ்திரி அக்கா அந்தத் தீர்ப்பை நாலு பிரதி எடுத்தாள். என் முகத்தைப் பார்க்க முடியாமல் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரே குழியில் விழுந்த இரண்டு பெண்கள். ஒருத்திக்குக் கயிறு, ஒருத்திக்கு மண். நடந்ததில் அணுவளவும் வித்தியாசம் இல்லை, எடுத்துச் சொன்னவரில்தான் வித்தியாசம். உண்மை தன் காலில் நிற்காதா, அதற்கு ஒரு வக்கீல் வேண்டுமா? அப்படியானால் வக்கீல் கிடைக்காதவன் உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நாக்கை வழிப்பதா? சட்டத்தைத் திட்டினேன், அலுவலகத்தைத் திட்டினேன். திட்டித் தீர்த்தபின் மிச்சம் இருந்தது நான்தான். என் தங்கைக்கும் வக்கீல் கிடைத்திருந்தாள். கடை வாசலுக்கே வந்து ஃபைலைக் காட்டுங்கள் என்று கேட்டாள். நான்தான் துரத்தினேன்.

ஃபைலைத் தூக்கிக்கொண்டு சட்ட உதவி மையத்துக்குப் போனேன். பத்து நாற்காலி, இருபது பேர். என் முறை வர மூன்று மணி நேரமானது. வக்கீலம்மா முழுவதையும் படித்தாள். நான் எழுதிய உருக்கமான நாலு வரியில் ஒருமுறை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள்.

"உங்ககிட்ட முதல்லயே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அதை இப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்ல, சொல்லுங்க. என் தலையில கொட்டற மாதிரியே சொல்லுங்க."

"இவங்க கேஸ் அக்கா கேஸை விடப் பலமா இருந்துச்சு" என்றாள். "இவங்க புருஷன் கோர்ட்ல சொன்ன சாட்சியமே பதிவுல இருக்கு. அதோட நகலை வாங்கி வச்சிருந்தாலே பாதி வேலை முடிஞ்சிருக்கும். நீங்க அதைக் கேட்டு ஒரு கடிதம்கூடப் போடலை."

ஒரு வழி இருக்கிறது என்றாள். தப்பு மனுதாரருடையது அல்ல, உரிமம் இல்லாமல் எழுதிக் கொடுத்தவருடையது என்று காட்டினால் மறு விசாரணை கேட்கலாம். அதற்கு நான் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும். கடை போகும். வழக்கும் வரலாம்.

"எழுதுங்க" என்றேன்.

அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக மேஜைக்கு அந்தப் பக்கம் நான்.

"'இல்லை'ன்னு எழுதினது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தேதியெல்லாம் யார் போட்டது?"

"நான்."

"இது மாதிரி எத்தனை பேருக்கு எழுதியிருப்பீங்க?"

"ஒரு எண்ணூறு..." என்று ஆரம்பித்தேன்.

"எண்ணிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்போ 'தெரியாது'ன்னு எழுதறேன்" என்றாள்.

ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இரண்டு பக்கம்கூட வரவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டு, திரும்பப் படித்துக் காட்டினாள். அழுகை வரவழைக்கிற வரி எதுவும் இல்லை, இருந்தும் எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கே வந்து கடைப் போர்டில் அந்தச் சின்ன எழுத்தைச் சுரண்டினேன்.

வக்கீலம்மா வஞ்சகமில்லாமல் உழைத்தாள். மச்சானின் சாட்சிய நகல் வந்தது, சித்தியின் கடிதம் வந்தது. பேராசிரியரின் அறிக்கையும் வந்தது. இருநூற்று எழுபது பக்கம். அத்தனையையும் நான்தான் நகல் எடுத்தேன், ஒவ்வொரு பக்கமாக நேராக வைத்து. முடிவு வர ஆறு வாரம் ஆனது, அதுவரை தங்கை விரிப்பு மடிக்கிற வேலைக்குக்கூடப் போக முடியாது, அனுமதி இல்லை. மகளின் பள்ளிக்கூடப் பையைத் துவைப்பாள், காயவைப்பாள், மறுபடி துவைப்பாள். ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பாள், "கிடைச்சிடும்ல அண்ணா?" நான் "தெரியலைம்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்த அன்று வக்கீலம்மா போனில், "நான் நேர்ல வந்து சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அந்தக் குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. வேண்டாம், நானே படித்துச் சொல்கிறேன் என்றேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, மூலையில் அடுப்பு. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். தங்கை பாய் மேல் உட்கார்ந்து, "படிண்ணா" என்றாள்.

மெதுவாகச் சொல்லலாம், பாதியை விட்டுவிடலாம் என்று கை பரபரத்தது. பழைய புத்தி. கட்டுப்படுத்திக்கொண்டு, உள்ளது உள்ளபடி, ஒரு வரி விடாமல் நம் மொழியில் சொல்லிக்கொண்டே வந்தேன். மறு விசாரணை கிடையாது. புதிய ஆவணங்கள் முன்பே கொடுத்திருக்கக் கூடியவை. இருபத்தெட்டு நாளில் தாயும் மகளும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

"உன் எழுத்தைப் பத்தி?" என்றாள். "நீ ஒத்துக்கிட்டதை?"

அடுத்த பத்தியைப் படித்தேன். 'சகோதரரின் பிரமாணத்தை ஏற்க இயலாது. தங்கையைக் காப்பாற்ற ஒரு சகோதரர் எதையும் சொல்வார் என்பது இயல்பே. தகவலை மறைத்தது தாமே என்று மனுதாரர் விசாரணையின்போது சத்தியத்தின் பேரில் தெளிவாகச் சொன்னார். சகோதரரும் அதை அப்போது ஆமோதித்தார். தயக்கமின்றிச் சொல்லப்பட்ட அந்தக் கூற்று உண்மையென இந்த மன்றம் ஏற்கிறது.'

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது, தங்கை எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவர் செத்ததை நம்பல. வீட்டுக்கு வந்து மிரட்டினதை நம்பல" என்று விரல் விட்டு எண்ணினாள். "அம்மாவைப் பாக்கத்தான் போனேன்கறதையும் நம்பல. நான் சொன்னதுல அந்த ஒரு பொய்யை மட்டும் நம்பிட்டாங்களா அண்ணா?"

"ஆமாம்மா" என்றேன். "அதை மட்டும்தான் நம்பியிருக்காங்க."